எட்டுக் கட்டங்கள்

சூர் நகரம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.
இரண்டாம் பம்பின் மீட்டரில் எட்டே கட்டங்கள்.
ஐந்து நொடிக்கு ஒரு கனமீட்டர்,
ஐந்து நொடிக்கு ஓர் எண்.
பம்பு பழுதான நாட்களைத் தவிர
பதினாறு வருடத்தில் எந்த எண்ணும்
அதற்குமேல் வாழ்ந்ததில்லை.

இன்று இரவு வரப்போவது
ஒன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துத்
தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது.
சொல்லி முடிப்பதற்குள் போய்விடும்.
எட்டு இலக்கத்தில் கடைசிப் பகா எண்.

அதை உறுதி செய்ய எனக்கு
நாற்பத்தோர் இரவு பிடித்தது.
பத்தாயிரத்துக்குள் பகா எண்கள்
ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது.
ராத்திரிக்கு முப்பது வீதம்
பழைய லாக் தாள்களின் பின்பக்கத்தில் வகுத்தேன்.
மூன்றுக்கு மீதி இரண்டு. ஏழுக்கு ஐந்து.
பதின்மூன்றுக்குப் பதினொன்று.
கடைசி ஆள், ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று:
மீதி எழுநூற்றுப் பதினெட்டு.
"போனைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லுமே"
என்றார் மசூத் அல் அரைமி.
"ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம், சார்"
என்றேன், எனக்கு வந்த இந்தியில்.

என் சம்பளம் அப்படியில்லை.
இருநூற்றுப் பத்து ரியால்.
இரண்டு பேர் கேட்டாலும் மூன்று பேர் கேட்டாலும்
ஐந்து பேர், ஏழு பேர் கேட்டாலும்
மீதியே இல்லாமல் வகுபடும்.

இரண்டு மணி நாற்பத்தேழு.
வந்தது.
கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது.
சட்டைக் கையால் துடைத்ததில்
இரண்டு நொடி போயிற்று.
மூன்று நொடி பார்த்தேன்.

அப்புறம் வந்த பத்தும் உடைகிறவை.
தொண்ணூற்றொன்றில் முடிந்தது மட்டும்
பகா எண் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தது.
எனக்கா தெரியாது?
பத்தாயிரத்துக்கு மூன்று குறைவையும்
பத்தாயிரத்துக்கு மூன்று அதிகத்தையும்
பெருக்கினால் அதுதான்.
உள்ளே ஏழும் பதின்மூன்றும் பதுங்கியிருக்கின்றன.
பிறகு எட்டு ஒன்பதுகள்,
பதினொன்று, எழுபத்து மூன்று, நூற்றொன்று, நூற்று முப்பத்தேழு
என்று வந்தவர்க்கெல்லாம் கதவு திறந்த எண்.
அதற்கும் ஐந்தே நொடி.

எட்டுப் பூஜ்யங்கள்.
மேலே ஏறிய ஒன்றுக்குக் கட்டம் இல்லை.
ஒன்று.
இரண்டு, மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.
ஏழு.
முதல் நாற்பது நொடிக்குள்
என் சம்பளம் முழுக்கக் கடந்துபோனது.

மூன்று மணி ரீடிங் போனதும் மஸ்கட்டிலிருந்து அழைப்பு.
அவர்கள் கணினியில் இந்த ஒரு மணி நேர உற்பத்தி
மைனஸ் ஒன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம்.
"பதினாறு வருடத் தண்ணீரையும்
கடலுக்கே திருப்பிவிட்டீர்களா?"
மசூத் ரிசீவரைப் பொத்திக்கொண்டு
தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.
ஊரில் யாரோ குழாயைத் திறந்திருப்பார்கள்,
மீட்டர் நிற்கவில்லை.

மார்க்கர் பேனாவை எடுத்தேன்.
கட்டங்களுக்கு வெளியே, இடப்பக்கத் தகரத்தில்
ஓர் ஒன்று போட்டேன்.
பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை அது.
ஈரத்தில் மை வழுக்கியது.
துடைத்துவிட்டு
இன்னொரு முறை அழுத்திப் போட்டேன்.