தாள் ஏழு, திருத்தம் இரண்டு

திட்டமிடல் குழு ஒன்பதரைக்கென்று கடிதம்.
பத்தேகாலுக்கு ஏசி போட்டார்கள்.
கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்
சுவரில் ஒரு கடலைக் காட்டினார்,
எங்கட கடலைவிட நீலம்.
அதன் கரையில் எட்டு மாடி, நான்கு கட்டடம்,
பல்கனிக்குப் பல்கனி பூச்சாடி,
ஒரு கொடியிலும் சாரம் காயவில்லை.

படங்களை விரித்துப் பிடிப்பது என் வேலை.
சுருண்டு சுருண்டு வந்த மூலையில்
வாய்ப்பன் தட்டைப் பாரமாக வைத்தேன்.
ஏழாம் தாளில் எண்ணெய் ஊறியது.

இப்போதுள்ள தொடர்மாடியின் நிலைமை அறிக்கை
நானே எழுதினது:
தூண்களில் கம்பி வெளியே தெரிகிறது.
மூன்றாம் மாடியில் கூரைத் துண்டு விழுந்து
றெஜினோல்டின் மகனுக்கு ஆறு தையல்.
மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பதினாலு அடி,
கீழே சுண்ணாம்புக் கல்;
அது எதையும் மறிக்காது,
விழுங்கிப் பக்கத்து வளவுக்குக் கொடுக்கும்.
ஆகவே இடிக்கத்தான் வேணும்.
இதில் எனக்கு இரண்டு மனமில்லை.

கதவு இலக்கம் நூற்றி நாற்பத்தெட்டு,
ஆகவே புதுவீடும் நூற்றி நாற்பத்தெட்டு.
"குடும்ப அட்டை இருநூற்றிப் பதினொன்று"
என்றார் கிராம சேவகர், கண்ணாடியைத் துடைத்தபடி.
மிச்சம் அறுபத்து மூன்றும் எங்கே?
சீலைக்கு அந்தப் பக்கம்.
கலியாணம் கட்டின மகள், மருமகன், தொட்டில்,
நடுவில் பூப்போட்ட ஒரு சீலை.
ஒழுங்குவிதியில் தேடினேன்.
சுவரின் தடிப்பு அங்குலத்தில் இருக்கிறது,
சீலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பொதுமக்கள் கருத்துக்குப் பத்து நிமிடம்.
மெற்றில்டா எழும்பினாள்.
தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"வீடு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை.
மேல்வீட்டுத் தண்ணிக்கு மூண்டு வாளி வைச்சிட்டுப்
படுக்கிற ஆள் நான்.
ஒரேயொரு கேள்வி ஐயா,
எஞ்சினை எந்த மாடியில வைக்கிறது?"

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார்.
லிப்டைத்தான் கேட்கிறாவாக்கும் என்று
கட்டடத்துக்கு இரண்டு என விரல் காட்டினார் ஆலோசகர்.
"அது இல்லை. போட் எஞ்சின். பதினைஞ்சு குதிரை.
கரையில விட்டால் விடிய இருக்காது.
இப்ப குசினிக்குள்ள, காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில படுக்குது.
சாமம் ரெண்டு மணிக்கு
என்ர மனுசன் தோளில தூக்கிக்கொண்டு இறங்கும்.
இப்ப ஒரு மாடி.
எட்டாம் மாடியில இருந்து, கரண்ட் இல்லாத இரவில
எப்பிடி இறங்கும்?
வலையை எங்க விரிக்கிறது?"

"அந்த வெற்றுக்காணி வாகனத் தரிப்பிடம்"
என்றார் பொறியியலாளர், தாள் ஏழைத் தொட்டு.

வெற்றுக்காணி.
அது என் கையெழுத்து.
அளக்கப் போனது ஒரு ஞாயிறு,
எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள்.
நாடாவின் மறுமுனையைப் பிடித்த பொடியனிடம்
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டக் குறிப்பு: கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது.
அடுத்த விடயம், பஸ் நிலையத்துக் கடைகள்.

பின்னேரம் சைக்கிளில் போனேன்.
வெற்றுக்காணியில் கால் வைக்க இடமில்லை.
பொத்தல் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர்
நிமிராமலே தள்ளி நிற்கச் சொன்னார்கள்,
நின்றேன்.
பிறகு கதவு கதவாய்த் தட்டி எஞ்சின் எண்ணினேன்.
எழுபத்தொன்பது.
ஒன்று தொட்டிலுக்குக் கீழே.

இப்போது இரவு. தாள் ஏழில்,
எண்ணெய் ஊறிய இடத்துக்குச் சற்று மேலே
நிலத்தளத்தில் நீளமாய் ஒரு அறை கீறுகிறேன்,
பூட்டுப் போடக்கூடிய கதவு, கடல் பார்த்து.
பதின்மூன்று கார் வெளியே போகவேண்டி வருகிறது.
பென்சில் கோடு நகலில் விழாது.
பேனை என்றால் அது திருத்தம்,
திருத்தத்துக்குப் பெயரும் திகதியும் வேணும்.

வெற்றுக்காணியை வெட்டினேன்.
அந்த இடத்துக்கு விதியில் சொல் இல்லை,
வலை என்று எழுதினேன்.
கீழே: க. திருவருட்செல்வன், படவரைஞர்.

சீலைக்கு மட்டும்
இன்னும் ஒரு கோடு கிடைக்கவில்லை.