ஆனி மாசத்து ஓலை

கருங்கல் சந்தையில் குருத்தோலை கேட்டதற்கு
செல்லையன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
“கார்த்திகைக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு,
இப்ப எதுக்குடே கொழுக்கட்டைக்கு ஓலை?”
கொழுக்கட்டை இல்லை என்றேன்.
பின்னே என்ன என்று அவர் கேட்கவில்லை.
நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கப்பலில் எனக்குத் தட்டு கழுவுகிற வேலை.
அடுப்பு குவோவினுடையது.
அவர்களுடைய ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளுக்கு
முந்தின ராத்திரியே அரிசி ஊறும்.
மூங்கில் இலை கொதித்துப் பதமாகும்.
இலையைக் கூம்பாகச் சுருட்டி
அரிசி, நடுவில் பன்றிக் கொழுப்பு, மேலே அரிசி,
நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு
இறுக்கிக் கட்டுவார்.
வடக்கே காய்ந்த இலந்தைப்பழம் வைப்பார்களாம்.
அதைச் சொல்லும்போது,
யாரோ மீன்குழம்பில் சீனி போட்டதுபோல
முகத்தைச் சுளிப்பார்.

ராஜா பேச்சைக் கேட்காத ஒரு கவிஞன்,
நாடு விழுந்த செய்தி வந்ததும்
கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டான்.
ஜனங்கள் படகெடுத்துத் தேடினார்கள்.
மீன் அவன் உடம்பைத் தொடாதிருக்க
அரிசியை அள்ளி வீசினார்கள்.
“அதற்கு முன்னாலேயும் ஆட்கள் இதைத் தின்றார்கள்,
கதை பிறகு வந்து ஏறிக்கொண்டது” என்பார் குவோ
கரண்டியால் பானையைத் தட்டியபடி.

லீவில் கடியபட்டணம் வந்து
அக்கா வீட்டு அடுப்பில் செய்து பார்த்தேன்.
ரேஷன் பச்சரிசி ஒட்டவே இல்லை,
மணி மணியாக ஓலையிலிருந்து உதிர்ந்தது.
அமலோற்பவம் அக்கா என் கையைத் தட்டிவிட்டு
பாதி அரிசியை இடித்துப் பிசைந்தாள்.
பன்றிக்குப் பதில் கருப்பட்டி.
நூலுக்கு, வலை பொத்துகிற நைலான்.
பன்னிரண்டு வந்தது.

ஆவி வருவதற்குள் கதையைச் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
ஜெறால்டு அத்தான் படம் சுவரில் இருக்கிறது.
கல்லறைத் தோட்டத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

“சோறு தின்னா மீனு ஆளை விட்டிருமா?
யாருட்ட சொல்லுத,
நான் மீனு அறுக்கவளாக்கும்.”

தீயைத் தணித்தாள். கொஞ்ச நேரம்
ஓலை வேகிற வாசம் மட்டும்.

“எத்தன நாளு தேடினாங்க?”

“இப்பவும் தேடுகாங்க அக்கா.
ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு.
வருசா வருசம் அதே நாளு
படகிறக்கி, கொட்டடிச்சு, துடுப்பு போட்டு.
போட்டின்னு பேரு.”

ஒன்பதாம் நாள் இங்கே ஹெலிகாப்டர் வரவில்லை.
இதை அவள் சொல்லவில்லை.
நூலை அவிழ்த்து ஒன்றைக் கடித்தாள்.
“உப்பு பத்தல” என்றாள்.
பிறகு, “அது போட்டி இல்ல, கேட்டியா” என்றாள்.

விசைப்படகெல்லாம் தடைக்காலத்தில் கரையேறிக் கிடக்க
வள்ளங்கள் மட்டும் இறங்குகிற விடியற்காலம்.
மீதிப் பதினொன்றையும் கூடையில் வைத்து
கடப்புறத்துக்குப் போனாள், நான் பின்னால்.
ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.
“தண்ணியில போடப்பிடாது,
நீங்க தின்னணும்” என்றாள்,
ஏலத்தில் விலை சொல்லுகிற அதே குரலில்.

ததேயுஸ் மகன் இரண்டு கேட்டான்.
கொடுத்தாள்.