மூன்றாம் கவுண்டர்

மூன்றாம் கவுண்டர் கணினி
நான்கு நாளாக
பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
நீலமாகிச் சாகிறது.

காந்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து.
பலகைகளில் தமிழுக்கு மேலே வங்காளம்.
கீழே லாட்ஜ், மாடியில் லேப்,
அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டியை ஒட்டி
தகரம் போட்ட என் சர்வர் அறை.
வேலூர் வெயில் ஏசியோடு
பேரம் பேசிக்கொண்டிருக்கும் மே மாதம்.

"வரிசை கீழ்ப்படி வரைக்கும் நிக்குது சார்" என்றாள் எப்சிபா.
"திட்டினாக்கூட புரியாத மாதிரி இருந்துடுவேன்.
கெஞ்சறாங்க. அது புரியுது."

ஆன்டிவைரஸ் கம்பெனிக்காரன் புனேயிலிருந்து சொன்னான்:
எதனால் செத்தது என்று தெரிய
சாகும் நொடியில் அதன் நினைவில் இருந்ததெல்லாம் வேண்டும்,
டம்ப் எடுத்து அனுப்புங்கள்.
இங்கிலீஷில் சொன்னான்.
அதில் இத்தனை சாவு இல்லை.

கன்சோலைத் திறந்தேன்.
பாலிசி, பொது அமைப்புகள், அதற்கும் அடியில்
யாரும் போகாத ஒரு மூலை.
'டம்ப் எழுதுதல்': டிக்.
விண்டோஸிடம் தனியாகச் சொன்னேன்,
சிறியது வேண்டாம், கர்னல் வேண்டாம், முழுசு.
பதினாறு ஜிபி நினைவைக் கொட்ட
பதினாறுக்கும் கொஞ்சம் மேலே இடம் வேண்டும்.
டி டிரைவில் யாரோ ஏற்றிவைத்த கல்யாண வீடியோவை
அழித்து இடம் செய்தேன்.
யார் கல்யாணம் என்று பார்க்கவில்லை.
'டம்ப் கோப்புகளுக்குப் பாதுகாப்பு' என்று
கடைசியில் ஒரு சின்னக் கட்டம்.
சாப்பாட்டு நேரம். அப்புறம் என்று விட்டேன்.

மறுநாள் பதினொன்று நாற்பத்தெட்டு.
நீலம்.
சதவீதம் ஏறுவதை நின்று பார்த்தோம்,
எப்சிபா, நான், வரிசையில் முதல் ஆள்:
ரிப்போர்ட் வாங்க வந்த பைராகி,
நதியா ஜில்லா, கையில் பூப்போட்ட துணிப்பை.
கம்ப்யூட்டருக்கு என்ன என்று ஜாடையில் கேட்டார்.
நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.
தனக்கு இங்கே என்று
கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.
நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினோம்.

இரவு, அனுப்புமுன்
எழுத்துகளை மட்டும் பிரித்தெடுக்கும் கருவியை
ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன்.
தொழில் ஆர்வம்தான். வேறென்ன சொல்ல.

பாலாற்று மணலைச் சல்லடையில் அள்ளிப்போட்டதுபோல்
லட்சக்கணக்கில் குப்பை, நடுவே
புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எப்சிபாவின் பாஸ்வேர்ட்
(மகன் பெயர், பிறந்த வருஷம்),
பிரிண்டரின் புலம்பல்,
அழித்து அழித்து எழுதிய ராஜினாமா மெயிலுக்கு
மூன்று தொடக்கங்கள்,
அப்புறம்
பைராகி, ஆண், ஐம்பத்திரண்டு,
பில் எண்ணுக்குப் பக்கத்திலேயே
அச்சாகாமல் நின்றுபோன முடிவு.
ஒரே வரி.

கீழே லாட்ஜில்
கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை
படியேறி வந்துகொண்டிருந்தது.

அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் வைத்தேன்.
முழுசை எடுத்துச் சிறியதாக்கினேன்.
ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட்.
புனேக்காரன் முனகினான்.
சிறியதிலேயே அகப்பட்டது குற்றவாளி,
பிரிண்டர் டிரைவரின் பழைய பதிப்பு.

காலையில் எப்சிபாவிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன்.
ஏன் என்றாள்.
மாசம் முடியுது இல்ல என்றேன்.
தேதி பதினொன்று.

மூன்றாம் கவுண்டர் நன்றாக அச்சடித்தது.
பைராகி என்னைப் பார்த்ததும் நெற்றியைத் தொட்டார்,
சரியாயிடுச்சா?
தலையாட்டினேன்.
உடனே கவரைப் பிரித்து,
இங்கிலீஷ் தெரியாத கையோடு,
தாளை என் பக்கம் நீட்டினார்.

முதல் தடவை படிப்பவனுக்கு
எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று
எனக்குத் தெரியவில்லை.
குத்துமதிப்பாக
அவ்வளவு நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.