பதினேழு பெட்டிகள்

எர்ணாவூர் மேம்பாலம் தொட்டு
கண்ணுக்கு எட்டும்வரை ட்ரெய்லர்கள்.
துறைமுகத்து வாசல் திறந்தால் நகரும்,
திறக்காவிட்டால் சோறாக்கும்.
மூன்றாவது நாளாக நிற்கிறது ஏசுபாதத்தின் வண்டி.
அதன் அடியில் குந்தி
வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறான்.
குழம்புத் தூக்கைக் கொடுத்துவிட்டு
இரண்டு வண்டிகளுக்கு நடுவே
ஒருக்களித்து நடந்து போகிறேன் நான்,
கிரேன் ஓட்டப் படிக்க.

மூடிக்கிடந்த மாநகராட்சிப் பள்ளி, இரண்டாவது மாடி.
'நாளைய வேலைக்கு இன்றே பயிற்சி' என்று புது பேனர்.
கரும்பலகையில் எந்த வருஷத்துப் பிள்ளையோ போட்ட
வகுத்தல் கணக்கு
மீதி இரண்டோடு நிற்கிறது.
அதன் முன்னால் ஒரு நாற்காலி,
இரண்டு பக்கமும் கைப்பிடி,
மூன்று திரை, ஒரு கடல்.

எங்கள் கடல் இல்லை அது.
எண்ணெய் மிதக்காது, நாறாது.
அங்கே எப்போதும் காலை எட்டு மணி.
நசீர் சார் பொத்தானை அமுக்கினால்
காற்றடிக்கும்,
கரண்டில்லாமல் எங்கள் தலைக்கு மேல்
மின்விசிறி நின்றபோதும்.
(சிமுலேட்டருக்கு மட்டும் தனி பேட்டரி.)

முப்பது பேரில் பெண்கள் நாலு பேர்.
அதிகாரி வந்த அன்று
எங்களை முதல் வரிசைக்கு இழுத்துப் படம் எடுத்தார்கள்.
உதவித்தொகை இன்னும் வரவில்லை.
வரும் என்கிறார் நசீர் சார்.
தன் சம்பளத்தையும்
அதே குரலில்தான் சொல்கிறார்.

ஆனாலும் பிடித்திருக்கிறது, பொய் சொல்வானேன்.
முப்பது டன் இரும்பு
என் விரல் சொன்னபடி கேட்கிறது.
எங்கள் வீட்டு குக்கர் மூடி
ஒரு தடவையில் கேட்டதில்லை.

நேற்று பதினெட்டாவது பெட்டி.
ஆட்டம் அடங்கும்முன் இறக்கிவிட்டேன்.
கீழே லாரி, லாரிக்குள் ஓட்டுநர்.
செய்தவர்கள் அவனுக்கு முகம் வைக்கவில்லை,
ஆரஞ்சுச் சட்டை மட்டும்.
திரை சிவந்தது.
விபத்து. உயிரிழப்பு: ஒன்று.
மீண்டும் தொடங்கப் பச்சையை அழுத்தவும்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"பரவாயில்ல அல்போன்சா, இதுக்குத்தானே இது" என்றார் சார்.
அழுத்தினேன்.
திரும்ப வந்து உட்கார்ந்திருந்தான் அவன்
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு,
என்மேல் ஒரு வருத்தமும் இல்லாமல்.
என் கைதான்
கைப்பிடியை விட்டு வந்து
புடவையில் துடைத்துக்கொண்டது.

வகுப்பு கலைந்ததும் கேட்டேன்:
"நெஜ கிரேன்ல, கால் கீழ கண்ணாடியா சார்?"
"ஆமாம்மா. லாரி, டிரைவர், எல்லாம் தெரியும்."
"மூஞ்சி?"
கொஞ்சம் யோசித்தார்.
"அவ்ளோ உயரத்துலேர்ந்து மூஞ்சி தெரியாது.
சட்டைதான்."

இருட்டும்போது வந்தேன்.
வரிசை நாலு வண்டி நீளம் நகர்ந்திருந்தது.
தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருந்தான்.
"இன்னாமே, எத்தினி பொட்டி எறக்குன?"
"பதினேழு."
"நம்ம பொட்டி ஒண்ணு இங்க கெடக்குது பாரு,
அத்த எறக்கு மொதல்ல" என்று சிரித்தான்.

கேபின் கண்ணாடியில்
நாளைக்குப் போட அவன் துவைத்த சட்டை
சொட்டிக்கொண்டிருந்தது.
வெளுத்த நீலம்.
இடது தோளில், பெட்டி உரசின மாதிரி,
கிரீஸ் கறை.
இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.