ஆள் இருக்கு

ஈசூன் பள்ளிக் கேன்டீனில்
ஆறு பேர் மேசைக்கு நாங்கள் ஐந்து பேர்.
ஆறாவது இடத்தில் ஒரு டிஷ்யூ பொட்டலம்.

நித்திலா தட்டோடு வருவாள்,
மீ சியாம், அரை முட்டை.
"ஆள் இருக்கு" என்பாள் ரொஷாரா,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அந்த ஆள்
மூன்றாம் தவணை முழுக்க வரவேயில்லை.

யாரும் அவளை அடிக்கவில்லை.
ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டால்
காட்ட ஒரு கீறல் கிடையாது,
ஒரு கெட்ட வார்த்தை கிடையாது.
வாட்ஸ்அப்பில் புதுக் குழு தொடங்கினோம், அவ்வளவுதான்.
பழையதில் அவள் மட்டும்
கேக் படம் போட்டு
வாழ்த்து அனுப்பியிருந்தாள்,
என் பிறந்தநாளுக்கு.
நன்றி என்று அடித்தேன்.
அழித்தேன்.

பொட்டலம் வாங்குவது என் பொறுப்பு.
எம்ஆர்டி வாசலில்
சக்கர நாற்காலியில் இருக்கும் அங்கிளிடம்
மூன்று ஒரு வெள்ளி.
ஒவ்வொரு முறையும்
நல்ல பெண் என்பார், மலாயில்.

நேற்று கழிவறையில் அவளும் நானும் மட்டும்.
குழாயை மூடாமலே,
முகம் வழிய,
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"டிஷ்யூ இருக்கா?"

பாவாடைப் பையில் இரண்டு இருந்தன.
இல்லை என்றேன்.