இலக்கம் ஏழு

புதுக்கடையில் பத்தரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.
கூப்பிட்டவர் என் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கினார்,
உங்கள் பெயரில் இரண்டு.
நீதிபதி தலை நிமிரவில்லை.
மொழிபெயர்ப்பாளர்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
தமிழில் சொன்னார்:
அட்டவணையில் கண்ட ஆதனங்களை
விற்கவோ ஈடுவைக்கவோ பராதீனப்படுத்தவோ
இருக்கும் இடத்தைவிட்டு அகற்றவோ
மார்ச் பதினெட்டுவரை
இரு திறத்தாருக்கும் தடை.

திறத்தார் ஆகமுன்னம்
நீங்கள் நிமலரூபன், நான் வதனி.

பள்ளிக்கூடத்தில் காலம் மூன்று என்றுதான் படிப்பித்தார்கள்.
இடைக்காலம் என்று ஒன்றிருப்பதை
அந்த வாங்கில் இருந்துதான் அறிந்தேன்.
அதற்கு முத்திரைக் கட்டணமும் உண்டு.

என் சட்டத்தரணி திருமதி விமலசூரிய
சிங்களத்தில் விறுவிறுவென்று போனவர்
நடுவிலே "தேடியதேட்டம்" என்றார்.
உச்சரிப்பில் ஒரு பிழையில்லை.
அன்று முழுக்க எனக்குச் சுட்ட சொல் அது ஒன்றுதான்.
தேடினோம்தான், பதினாறு வருசம்.
உங்கள் கட்டார் சம்பளம், என் சீட்டுக்காசு,
வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி,
யன்னலால் எட்டிப் பார்த்தால்
ஒரு கைக்குட்டை அளவு கடல்.
கடல் அட்டவணையில் இல்லை.

மூன்றாம் கிழமை பிரிட்ஜ் நின்றது.
அட்டவணை அ, இலக்கம் ஏழு,
சாம்பல் நிறம், ஒன்று.
உள்ளே அறக்குளா இரண்டு கிலோ.
தண்ணீர் குசினி தாண்டி
இலக்கம் பதினொன்றின் காலடிக்கு வந்துவிட்டது.
(பதினொன்று சோபா.)
கடைக்காரன் வண்டி அனுப்புகிறேன் என்றான்.
திருமதி விமலசூரிய அசைக்கவேண்டாம் என்றார்,
ஒரு விண்ணப்பம் போடலாமாம்,
தவணை தருவார்களாம்.
மீனுக்குத் தவணை தெரியுமா?

ஐந்து மாதத்துக்குப் பிறகு உங்களுக்கு எடுத்தேன்.
"இலக்கம் ஏழு நின்றிட்டுது."
நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்:
"எத்தினை மணிக்கு?"

கொட்டாஞ்சேனையிலிருந்து நனைந்து வந்தீர்கள்.
திறப்பு கையில் இருந்தது.
மணியடித்தீர்கள்.

இஸ்மத் என்ற திருத்துகிற பெடியன்
முழங்காலில் குந்தித் தட்டிப் பார்த்து
"கடைக்குக் கொண்டு போகோணும்" என்றான்.
"ஏலாது" என்றோம்
இரண்டுபேரும் ஒரே வாயால்.
இவ்வளவு ஒற்றுமையான புருசன் பெண்சாதியை
அவன் கண்டிருக்கமாட்டான்.
சரி, இங்கேயே பார்க்கிறேன்,
கொஞ்சம் முன்னுக்கு இழுத்துத் தாங்கோ என்றான்.
ஒன்றரை அடி.
அது அகற்றலா?
என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களை.
பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்,
குடிவந்த அன்று பிடித்ததுபோல,
நீங்கள் இடப்பக்கம்.

சுவரோடு ஒட்டின தூசிக்குள்ளே
ஒரு கரண்டி, பழைய மின்சாரக் கட்டணம்,
என் தோட்டின் சுரை.
அதைத் தேடித்தான் ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை.
அடகுவைத்துவிட்டீர்கள் என்று நான்,
தம்பிக்குக் கொடுத்துவிட்டாய் என்று நீங்கள்,
சுரை இல்லாத தோட்டை
அடுத்த மாதமே உருக்கிவிட்டோம்.

நீங்கள் சாரத்தில் துடைத்து,
இல்லை, அன்று காற்சட்டை,
காற்சட்டையில் துடைத்து
பிரிட்ஜின் மேலே வைத்தீர்கள்.

பற்றுச்சீட்டு ஆருடைய பெயருக்கு என்றான் இஸ்மத்.
பெயர் வேண்டாம், இலக்கம் எழுது என்றேன்.
காசு பாதி பாதி.
மீனில் நல்லது மூன்று துண்டு மிஞ்சியது.
பொரிக்கவா என்று கேட்க வாய் வந்தது.
மழை விட்டிட்டுது என்றீர்கள்.

கதவு சாத்தியபின்
இலக்கம் ஏழு உறுமத் தொடங்கியது.
மேலே அந்தச் சுரை
நடுங்கிக்கொண்டே இருக்கிறது,
நான் எடுக்கவில்லை,
இருக்கும் இடத்தைவிட்டு அகலாமல்.