ஐந்தில் இரண்டு

பாளையங்கோட்டையில் மின்விசிறி முனகும் ஓர் அறை.
பெனினாள் மேடம் இரும்புக் கைப்பிடியை நீட்டி
"உயிர் போற மாதிரி அமுக்குங்க" என்றாள்.
என் கணவன் சொரிமுத்து ஐம்பது கிலோ.
நான் முப்பது.
சீருடைத் தேர்வுக்கு ஓடுகிற இருவரில்
யார் பலசாலி என்பது அதோடு முடிந்தது.
அவன் மீசையைத் தடவவில்லை,
தடவினது போல் உட்கார்ந்தான்.

பிறகு அவள் கேட்டது வேறு.
அவரவர் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு,
அதை மட்டும் விடாமல் பிடித்திருக்க வேண்டும்.
அவனுக்கு இருபது. எனக்குப் பன்னிரண்டு.

மூன்றாம் நிமிடம் அவன் முன்கையில் நரம்பு எழுந்தது.
நான்காம் நிமிடம் முள் சரிந்தது,
கை அவனைக் கேட்காமல் திறந்துகொண்டது.
நான் சுவரில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எரிந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
அடுப்பை சிம்மில் வைத்தது போல
எரிந்துகொண்டே இருந்தது
ஏழாம் நிமிடம் வரை.

"அவளுக்குப் பாரம் கம்மிலா" என்றான்.
"அவங்க கைக்கு அது கம்மி இல்லைங்க.
பெரிய தசை இறுகினா
தன் ரத்தக் குழாயைத் தானே நெரிச்சிரும்.
அது ஒரு காரணம். இன்னும் சிலது இருக்கு.
எல்லாருக்கும், எல்லா வேலைக்கும் இப்படின்னும் சொல்ல முடியாது."

பத்து நிமிடம் கழித்து மறுபடி அமுக்கினோம்.
நான் இருபத்தெட்டுக்குத் திரும்பியிருந்தேன்.
அவன் முப்பத்தொன்பதில் நின்று
கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.
அப்போதும் என்னைவிடப் பதினொன்று கூடுதல்,
இதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே மருத மர நிழலில் டீ.
கிளாஸை இரண்டு கையாலும் ஏந்தினான்,
தீர்த்தம் வாங்குகிறவன் மாதிரி.
"சிரிட்டி, நல்லா சிரி" என்றான்.
வண்டியை நான்தான் ஓட்டினேன்.

சமாதானபுரத்தில் எங்களுக்கு மூன்றாம் மாடி.
வாசலில் தண்ணி கேன் வந்திறங்கியிருந்தது,
இருபது லிட்டர்.
ஜில்லா முழுக்கத் தேடினாலும்
எனக்கென்று பன்னிரண்டு லிட்டரில்
யாரும் கேன் செய்வதில்லை.

அவன் விரல் இன்னும் நடுங்கியது. நான் தூக்கினேன்.
சீக்கிரம் தேறினவளுக்கு அடுத்த வேலையும் சீக்கிரம்.

முதல் மாடியில் இறக்கிவைத்தேன்.
"குடுட்டி."
தரவில்லை.
விரல்களுக்குள் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது,
பாளையங்கால்வாயில் மடை திறந்ததும்
தண்ணீர் வருமே
முதலில் நுரையும் சருகுமாய், அப்படி.
பின்னால் யாரோ வழி கேட்டார்கள்.
"ஒரு நிமிஷம் அண்ணாச்சி"
என்றேன்
கேன் மேல் உட்கார்ந்தபடி.